வர்க்கிச்சனின் நரம்புக் கோளாறு

செத்தாலும் இங்கிலாந்து மண்ணை மிதிப்பதில்லை என்று வர்க்கிச்சன் உறுதியெடுத்தான். மனதுக்குள்தான். வாய்விட்டுச் சொல்ல முடியாதபடி வீட்டில் ஜெஸ்ஸம்மா இருந்தாள்.

அவன் மனைவி ஜெஸ்ஸம்மா கேரளத்தில் பாலா என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இங்கிலாந்து போக நர்சுகளுக்கென்று ஓர் ஆங்கிலத் தேர்வு உண்டு. எழுதுவதும் படிப்பதும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நோயாளியாக நடிப்பவரிடம் பேசும் பகுதியில்தான் இரண்டு முறை கோட்டை விட்டாள். மூன்றாவது முறை தேறினால் புருஷனும் மூட்டை கட்ட வேண்டும். சித்தப்பா மகன் தொம்மிச்சன் அப்படிப் போனவன்தான். இங்கே சர்ச் பெருநாள் ஊர்வலத்தில் முத்துக்குடை பிடித்தவன், அங்கே முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறான். ரப்பர் தோட்டத்தையும் சாயங்காலச் சீட்டாட்டத்தையும் விட்டுவிட்டு அந்த வேலைக்கா?

அவளைத் தேர்வுக்குப் போகவிடாமல் தடுக்க, பத்து நாள் முன்பே நோயாளியாகப் படுத்துவிட முடிவு செய்தான். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டிக்கொடுக்கும். நரம்புக் கோளாறு நோயாளி சொன்னால்தான் உண்டு. அதையும் மலையாளத்தில் சொன்னால் தைலம் தேய்ப்பாள். ஆங்கிலத்தில் சொன்னால் பயப்படுவாள்.

அவள் டூட்டிக்குப் போனதும் அவள் தேர்வுக்குப் படிக்கும் நோட்டை எடுத்தான். நரம்பு, மூளை, மனம் என்று பக்கம் பக்கமாக ஆங்கிலச் சொற்கள். பார்த்தவன் அசந்துபோனான். கால் மரத்துப்போனால் 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்'. குண்டூசியும் ஊசியுமாம்! பதற்றம் வந்தால் வயிற்றில் பட்டாம்பூச்சிகளாம். மூளை மந்தமானால் உள்ளே மூடுபனியாம். தையல்காரன் பெட்டியும் பனி மூடிய வாகமண் மலையும் எப்படி ஒரே உடம்புக்குள் புகுந்தன? வந்த காரியத்தை மறந்து மத்தியானம்வரை படித்தான்.

"ஏடி, இடது காலில பின்ஸ் அண்ட் நீடில்ஸ்" என்றான் அன்று சாயங்காலம், கட்டிலில் சாய்ந்தபடி.

ஜெஸ்ஸம்மா பதறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போனை மேசைமேல் வைத்தாள்.

"எப்போலேர்ந்து, இச்சாயா? இங்கிலீஷ்லயே சொல்லுங்க."

"எதுக்குடி இங்கிலீஷு?"

"பெரிய டாக்டர்கிட்ட அப்படியே சொல்லணும்ல?"

திக்கித் திணறிச் சொன்னான். மறுநாள் பட்டாம்பூச்சி வந்தது. அதற்கு மறுநாள் மூடுபனி. அவள் ஆங்கிலத்தில் துருவித் துருவிக் கேட்டாள். பாவம், அவனும் அளந்துகொண்டே போனான். ஆறாம் நாள் அவனுக்கு ஆங்கிலம் தடையில்லாமல் வந்தது.

"மூடுபனி காலைல ஜாஸ்தியா, சாயங்காலமா?"

"காலைலதான். சாயங்காலம் சீட்டாடறப்போ சுத்தமா விலகிடுது."

"அபூர்வமான நோயா இருக்கே!"

நோட்டில் தினம் ஒரு புதுப் பக்கம் முளைத்தது. ஏன் என்று அவன் யோசிக்கவில்லை. அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்ற ஆவல்தான் அவனைத் தின்றது.

தேர்வு நாள் வந்தது. "இவ்வளவு சீக்கா கிடக்கேன், விட்டுட்டுப் போறியா?" என்று முனகினான்.

"ஓடி வந்துடறேன். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் மூடி வெச்சிருக்கேன்."

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. ஜெஸ்ஸம்மா அமோகமாகத் தேறியிருந்தாள்.

"எப்படிடி?"

"பத்து நாள் கட்டிலோட ஒரு நோயாளி கிடைச்சாரே! கேட்டுக் கேட்டு நாக்கு பழகிடுச்சு."

வர்க்கிச்சன் கடைசிச் சீட்டை இறக்கினான். "அப்போ நீ போ. நான் நரம்பு நோயாளி. விமானம் ஏற முடியாது."

"நோயா? சீட்டுக்கட்டைப் பார்த்தா நாக்கு நுனி உப்புக்கரிக்கும்னு ஒரு நோயை நானே இட்டுக்கட்டி நோட்டுல எழுதினேன். மறுநாளே உங்களுக்கு வந்துடுச்சே!"

வர்க்கிச்சனுக்கு இப்போது நிஜமாகவே நாக்கு மரத்தது.

"நீங்க பேசினதெல்லாம் போன்ல பதிவாயிருக்கு. தொம்மிச்சனுக்கு அனுப்பினேன், அவரு வேலை செய்யற முதியோர் இல்லத்துல போட்டுக் காட்டினாரு. வலியை இவ்வளவு அழகா சொல்றவரு கிழவங்க வலியையும் புரிஞ்சுக்குவாருன்னு அந்த இல்லத்துக்காரங்க வேலை குடுத்துட்டாங்க."

"நீ... எப்போ கிளம்பறே?"

"எனக்குப் பேப்பர் வேலை முடிய இன்னும் ஆறு மாசமாகும், இச்சாயா. அடுத்த மாசம் கிளம்பறது நீங்கதான்."