மூச்சு சாரும் மேசைக்கடி பாட்டிலும்

ஈஸ்டுக்காக வேலையை இழந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மூன்றாவது மாடியில் உயிரியல் டியூஷன் எடுத்தவர். பிள்ளைகள் வைத்த பெயர் மூச்சு சார். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவருக்கு ஆகாது என்பதுதான் காரணம்.

"சுவாசம்னா மூச்சு விடுறது சார்" என்று முதல் நாளே சொல்லி மாட்டிக்கொண்டாள் என் மகள்.

"மூச்சு நுரையீரலோட சரி! சுவாசம் ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் நடக்குதும்மா. சர்க்கரைய உடைச்சு சக்தி எடுக்கிறது!" அந்தச் சத்தத்தில் கீழே பூக்கடை அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

சொல்லித் தீராமல், நுரையீரலே இல்லாத ஈஸ்டும் சுவாசிக்கும் என்று காட்ட, ஒரு வெள்ளிக்கிழமை மினரல் பாட்டிலில் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரும் ஈஸ்டும் கலந்து, பாட்டில் வாயில் பலூன் மாட்டி, மேசைக்கடியில் வைத்தார். திங்கட்கிழமை மகளை அழைக்கப் போனேன். பலூன் தரையில் கிடந்தது. டியூஷன் சென்டர் உரிமையாளர் பாட்டிலை முகர்ந்துகொண்டிருந்தார்.

"என்ன சார் இது, கள்ளு வாடை அடிக்குது! பிள்ளைங்க படிக்கிற இடம் லா!"

"ஈஸ்ட் செஞ்சது பாஸ்! ஆக்சிஜன் இருந்தா சர்க்கரைய முழுசா எரிச்சு நெறைய சக்தி எடுத்துக்கும். மூடி வெச்சோம்ல? அரைகுறையா உடைச்சு, கெடச்ச கொஞ்ச சக்தியில பொழைச்சுக்கிட்டு, ஆல்கஹால வெளிய தள்ளிருச்சு."

"நீங்க குடிச்சிட்டு ஈஸ்ட் மேல பழி போடாதீங்க."

சாருக்கு முகம் சிவந்தது. "அன்னிக்கு போன் அடிக்குதுன்னு மூணு மாடி ஓடி வந்தீங்களே, உங்க தசைக்கு ஆக்சிஜன் பத்தல. தயிர்ல இருக்கிற அதே அமிலம் உங்க தொடையிலயும் ஊறுச்சு. உங்கள நான் தயிர்க்காரர்னு சொன்னேனா?"

பிள்ளைகள் சிரித்தது தவறு. உரிமையாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு தாளை நீட்டினார். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை.

"ஒரு சொட்டுக்கூட தொடாதவன் 'இனிமே'ன்னு எப்படி பாஸ் எழுதுவான்?"

நானே சாரின் வாயருகே மூக்கை வைத்து, அவர் குடித்த தே தாரிக் தேநீர் வாடைதான் என்று சாட்சி சொன்னேன்.

"அண்ணே, நீங்க பேரன்ட். குறுக்க வராதீங்க."

முப்பது வருடம் பத்திரிகையில் இருந்தவன் நான். எத்தனையோ நீதிமன்றங்களில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். இவ்வளவு கேவலமான விசாரணையைப் பார்த்ததில்லை. பாட்டிலை முகர மூக்கு உண்டு, மனிதன் சொல்வதைக் கேட்கக் காது கிடையாது!

மூச்சு சார் தாளைத் தொடவில்லை. வெள்ளைப் பலகையில் பாதியில் நின்ற சுவாசச் சமன்பாட்டை எழுதி முடித்தார், பிள்ளைகள் பார்த்து எழுதும்வரை காத்திருந்தார், பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இப்போது செராஸில் எங்கோ சொல்லிக்கொடுப்பதாகக் கேள்வி. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் யாராவது "அந்தக் குடிகார வாத்தியார்" என்று பேச்செடுத்தால், நான் நாற்காலியைப் பேசுகிறவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஈஸ்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.