பிரச்சினைக் குழந்தை தேவை

சமையல்காரர் சமைத்துச் சமைத்துத்தான் கைப்பக்குவம் பெறுகிறார். தையல்காரர் தைத்துத் தைத்துத்தான் தேறுகிறார். ஆசிரியத் தொழிலை மட்டும், கற்பிப்பதை நிறுத்திவிட்டுத்தான் கற்றுக்கொள்ள முடியும். இந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடித்ததோடு நில்லாமல் நடைமுறைக்கும் கொண்டுவந்த பயிற்சிக் கல்லூரிகளுக்கு நாமெல்லாம் எழுந்து நின்று நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கணக்கு சாருக்கு இந்த உண்மை நாற்பத்தோராவது வயதில்தான் தெரிய வந்தது. ஒன்பது வருஷமாக ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். பிள்ளைகளுக்கும் என்னவோ புரிந்துதான் தொலைத்தது. சான்றிதழ் இல்லாமலே ஒருவர் புரியவைத்துக்கொண்டிருக்கும் முறைகேடு மேலிடத்தின் காதுக்கு எட்டியதும் சுற்றறிக்கை பறந்து வந்தது: அடுத்த கல்வியாண்டுக்குள் சான்றிதழ், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். நர்ஸ் வேலை பார்க்கும் மனைவியிடமும் ஐந்தாம் வகுப்பு மகளிடமும் ஒரே வருஷம்தான் என்று சொல்லிவிட்டு, விடுப்புப் போட்டுக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவர் கற்றது கொஞ்சநஞ்சமல்ல. 'கரும்பலகையின் பதினான்கு பயன்கள்' என்ற பாடத்தைப் பேராசிரியர் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், பழுப்பேறிய நோட்டைப் பார்த்து மூன்று நாள் வாசித்தார். நாற்பது பேரும் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்கள். அந்த அறையின் கரும்பலகை பீரோவுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

அப்புறம் 'நுண்ணிலைக் கற்பித்தல்'. ஒருவர் ஐந்து நிமிஷம் பாடம் நடத்த, மற்றவர்கள் குழந்தைகளாக நடிக்க வேண்டும். பாதித் தலை வழுக்கையான கணக்கு சார் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, தனக்கு மூன்றாம் வாய்ப்பாடு தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை பழக்கதோஷத்தில் சரியான விடையைச் சொல்லிவிட்டார். ஒத்துழைப்பு போதாது என்று இரண்டு மார்க் குறைத்தார்கள். நியாயம்தானே.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தரை முழுக்க சார்ட் பேப்பர், ஸ்கேல், பசை. சாப்பிட்டு முடித்ததும் மகளோடு கணக்குப் போட உட்காருவது ஒரு காலத்தில் அவர் வழக்கம். இப்போது அவள் நோட்டோடு வந்து நிற்பாள், இந்த ஒன்றை முடித்துவிட்டு வருகிறேன் என்பார். அந்த ஒன்று எட்டு மாதமாக முடியவில்லை. அவளும் நோட்டை மூடி வைத்துவிட்டு, சார்ட்டுகளுக்கு பார்டர் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள்.

கடைசியாக வந்தது 'தனியாள் ஆய்வு'. ஒவ்வொருவரும் ஒரு பிரச்சினைக் குழந்தையைத் தேடிப் பிடித்து, பத்து நாள் கூடவே உட்கார்ந்து, பிரச்சினையின் காரணத்தைக் கண்டறிந்து, பத்தாம் நாள் தீர்த்துவிட வேண்டும். பதினோராம் நாள் வரைக்கும் எந்தப் பிரச்சினையும் நீடிக்க அனுமதியில்லை. இதையெல்லாம் எழுதிய ரெக்கார்டு நோட்டில் உளவியல் மேடம் கையெழுத்துப் போடாவிட்டால் பரீட்சை எழுத முடியாது.

இதற்காக அனுப்பப்பட்ட பள்ளியில் பிள்ளைகள் இருபத்தாறு, பயிற்சி மாணவர்கள் நாற்பது. பிரச்சினைக் குழந்தைகளுக்குக் கடும் தட்டுப்பாடு. கணக்கு சார் போய்ச் சேருவதற்குள் பொய் சொல்கிறவன், நகம் கடிக்கிறவள், தூங்குகிறவன் எல்லோரும் முன்பதிவாகிவிட்டார்கள். பெஞ்சை உதைக்கிற பையன் ஒருவன்தான் மிச்சம் என்று கேள்விப்பட்டு அவனிடம் பணிவாகப் போய் நின்றார்.

"எனக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க சார். மூணாவதா யாரையும் எடுத்துக்கிறதில்ல" என்றான் அவன்.

மனுஷன் அன்றைக்கு இடிந்துபோய் வீட்டுக்கு வந்தார். ஒரு குழந்தைக்குப் பிரச்சினை இல்லாத காரணத்தால் ஒன்பது வருஷ வேலை போகப்போகிறது. மனைவியிடம் அவர் புலம்பியதை, பார்டர் போட்டுக்கொண்டிருந்த மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வேணா பிரச்சனைக் குழந்தையா இருக்கட்டுமாப்பா? நான் கணக்குல பெயில்தான்."

மார்க் ஷீட்டை எடுத்து வந்து காட்டினாள். நூற்றுக்குப் பதினெட்டு. கணக்கு சாருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கூடவே, சொன்னால் வெட்கம், ஒரு நிம்மதியும் வந்தது. பிள்ளை அந்தப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

பத்து நாளும் சாப்பிட்டதும் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். பின்னக் கணக்கு மூன்றாம் நாளே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இருந்தாலும் நாலாம் நாள் அரையையும் காலையும் கூட்டத் தெரியாமல் முழித்தாள். அவள் வேண்டுமென்றே முழிக்கிறாள் என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அந்த வருஷத்திலேயே அவர் சந்தோஷமாக இருந்தது அந்தப் பத்து நாள்தான்.

"தீந்துடுச்சுன்னு எழுதாதீங்கப்பா. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குன்னு போடுங்க" என்றாள் கடைசி நாள். தீர்ந்தது என்றுதான் எழுத வேண்டும், அது விதி. ஆனால் 'காரணம்' என்ற இடத்தில் அவர் மனசாட்சிப்படி எழுதினார்: தந்தை ஆசிரியர் பயிற்சி பெறுவதால் அவருக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை.

உளவியல் மேடம் அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். அங்கீகரிக்கப்பட்ட காரணங்கள் மொத்தம் நாலு என்று நினைவூட்டினார்: கவனக்குறைவு, சோம்பல், கூடாநட்பு, பரம்பரை. பரம்பரையைத் தொட வேண்டாம், அது கணக்கு சார் தலையிலேயே விடியும் என்று அக்கறையோடு எச்சரிக்கவும் செய்தார்.

கணக்கு சார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சொல்லிக் கொடுக்கறவங்க சரியா சொல்லிக் கொடுக்கலன்னு ஒரு காரணம் கிடையாதா மேடம்?"

"அது எப்படிங்க காரணமாகும்? இது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி."

வெள்ளிக்கிழமைதான் கெடு. ரெக்கார்டில் அடித்தல் திருத்தல் கூடாது. பன்னிரண்டு பக்கத்தையும் புதிதாக எழுதினார். காரணம்: குழந்தையின் கவனக்குறைவு. நாற்பதுக்கு முப்பத்தொன்பது கிடைத்தது. பரீட்சை எழுதினார், சான்றிதழ் வந்தது, வேலை நிலைத்தது. தலைமை ஆசிரியர் கைகுலுக்கி, இனிமேல் நீங்களும் எங்களில் ஒருவர் என்றார்.

ரெக்கார்டு வீட்டுக்குத் திரும்பி வந்தது. தன்னைப் பற்றி ஒரு புத்தகமே இருக்கிறது என்ற பெருமையில் மகள் அதை விரல் வைத்து முழுக்கப் படித்தாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"நான் கவனிக்காததாலதான் பெயிலானேனாப்பா?"

எத்தனையோ குழந்தைகளுக்குப் பின்னத்தைப் புரியவைத்த கணக்கு சார், கீழே கிடந்த சார்ட் பேப்பரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"சரிப்பா. டீச்சருக்குப் படிச்சவங்க எழுதினா சரியாத்தான் இருக்கும். இனிமே கவனமா இருக்கேன்" என்று ரெக்கார்டை மூடிக் கொடுத்தாள்.

குழந்தை தன் குறையைத் தானே உணர்ந்து ஒப்புக்கொள்ளச் செய்வதே கற்பித்தலின் உச்சபட்ச நோக்கம் என்று உளவியல் நோட்டில் இருக்கிறது. நோக்கம் நிறைவேறியது.