இரைச்சலை நீக்கிய குற்றம்

உலகத்தில் ஜனநாயகம் குறையே இல்லாமல் நடந்த ஊர் ஒன்றே ஒன்றுதான். அது தாழையூரணி. ஆலங்குடி பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் "யார்யா அது தாழையூரணி?" என்று அதட்டும் இடத்தில் இறங்கி, முந்திரிக்காட்டுக்குள் ஒன்றரை மைல் நடந்தால் அந்த ஜனநாயகத்தை நேரிலேயே தரிசிக்கலாம். 1958 முதல் 1963 வரை ஐந்து வருஷங்களில் எங்கள் பஞ்சாயத்து நாற்பத்தொரு பொது அறிவிப்புகளை வெளியிட்டது. பொதுமக்களிடமிருந்து வந்த மறுப்புகள் பூஜ்யம். சீமையில் பார்லிமெண்டு நடத்துகிறவர்கள்கூட இப்படியொரு ஒற்றுமையைக் கண்டிருக்க மாட்டார்கள்.

பஞ்சாயத்துக் கிளார்க் என்ற முறையில் அத்தனை அறிவிப்பையும் மைக்கில் வாசித்தவன் நான். பதினைந்து நாள் கழித்து ஃபைலில் "மறுப்பு ஏதுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நானே.

இந்த ஒற்றுமைக்குக் காரணம் தலைவர் வெள்ளைச்சாமி அவர்களின் நிர்வாகத் திறமை என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் காரணம், எங்கள் ஒலிபெருக்கியின் இரைச்சல்.

அறிவிப்பு வாசிக்கக் காலை ஏழு மணியை நாங்கள் தேர்ந்தெடுத்திருந்தோம். ஊரின் பதினெட்டு பம்புசெட்டுகளும் ஒரே சமயத்தில் ஓடும் நேரம் அது. கரண்டு குறுகி, நெளிந்து, எங்கள் பெட்டிக்கு வந்து சேரும்போது அதற்கு உயிரே இருக்காது. ஊரணிக்கரையில் தண்ணீர் எடுக்கும் பெண்களுக்கு நான் வாசிப்பது இப்படித்தான் கேட்கும்: "பொதுமக்களுக்கு... உர்ர்ர்ர்... மேற்படி... உர்ர்ர்ர்... நன்றி." நன்றி மட்டும் எப்படியோ தெளிவாக விழுந்துவிடும். அவர்களும் அதைத் திருப்தியோடு ஏற்றுக்கொண்டு குடத்தைத் தூக்குவார்கள். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. சட்டம் "வாசிக்க வேண்டும்" என்கிறது. "கேட்க வேண்டும்" என்று அதில் எங்கும் இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1961-இல், வீடில்லாதவர்களுக்குப் புறம்போக்கில் மனை கொடுக்கிறோம், மனுப் போடுங்கள் என்று வாசித்தேன். வந்தது ஒரே மனு. போட்டவர் தலைவரின் மைத்துனர் அய்யாக்கண்ணு. அவருக்கு ஏற்கெனவே இரண்டு ஓட்டு வீடுகள் உண்டு. ஆனால் மூன்றாவது வீடு இல்லாதவர் என்ற வகையில் அவர் தகுதி பெற்றார். மறுப்பு ஏதுமில்லை.

இப்பேர்ப்பட்ட ஊருக்கு 1963-இல் ஒரு சோதனை வந்தது. புதுப் பள்ளிக்கூடக் கட்டடத்தைத் திறந்துவைக்க டிவிஷன் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. தலைவர் பதினான்கு பக்கத்துக்கு வரவேற்புரை எழுதி, அதாவது என்னை எழுதச் சொல்லி, மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு நாகராசுவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

நாகராசு பட்டாளத்தில் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, ஒரு டிரங்குப்பெட்டி நிறைய வால்வுகளோடு ஊர் திரும்பியவன். பஞ்சாயத்து இடத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு ரேடியோ ரிப்பேர் செய்துவந்தான். எங்கள் மைக் செட்டும் அவன் தன் கையால் கட்டியதுதான். நல்லவன். ஒரே ஒரு கெட்ட பழக்கம், எடுத்த காரியத்தை ஒழுங்காகச் செய்துவிடுவான்.

"ஆபீசர் முன்னாடி என் பேச்சுல ஒரு எழுத்து செதறக் கூடாது. அந்த உர்ருங்கிற சத்தத்த எடுத்துருப்பா" என்றார் தலைவர்.

"எடுத்துரலாம்ங்க. அதுக்கு நல்ல ரெகுலேட்டர் ஒண்ணு கட்டணும்."

"ரெகுலேட்டரா? நம்ம ஆபீசுதான் ரெகுலரா நடக்குதேய்யா! என்ன திருப்பதி?" என்று தலைவர் என்னைப் பார்த்தார்.

"வெகு ரெகுலர்ங்க" என்றேன் நான்.

நாகராசு பொறுமையாக விளக்கினான். "கண்மாய்க்கு மடை இருக்குல்லங்க, அதே மாதிரிதான் இது. கரண்டு கூடுனா மடைய அடைக்கும், கொறைஞ்சா தொறக்கும். பெட்டிக்குள்ள போறது எப்பவும் ஒரே மட்டத்துல இருக்கும். பம்புசெட்டு எத்தன ஓடுனாலும் அது கண்டுக்காது."

தலைவருக்கு மடை புரிந்தது. உடனே ஒரு குழு அமைத்தார். "தாழையூரணி இரைச்சல் ஒழிப்புக் குழு." உறுப்பினர்கள்: தலைவர், அய்யாக்கண்ணு, நான். இரைச்சல் இன்னதென்று தெரிந்த ஒரே ஆளான நாகராசு பார்வையாளர். முதல் கூட்டத்தில் அய்யாக்கண்ணு ஒரு யோசனை சொன்னார்.

"ஸ்பீக்கர் வாயில பஞ்ச வச்சு அடைச்சா என்ன?"

"பேச்சும் வெளிய வராதுங்களே" என்றான் நாகராசு.

"சத்தத்தத்தானேப்பா நிறுத்தச் சொன்னாக?"

இந்த யோசனை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றப்பட்டது. அடுத்த கூட்டம் மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை நடத்துவது, மறுநாள் அதிகாரியை வரவேற்பது என்று தீர்மானித்துக் கலைந்தோம்.

அந்த மூன்று வாரமும் நாகராசு வேறு ரிப்பேர் எதையும் தொடவில்லை. முதலில் கட்டியது 'டப்' என்று வெடித்தது. ஒரு கண்டன்சர் கொட்டகைக் கூரையைத் தாக்கிவிட்டுக் கோழிகளுக்கு நடுவே விழுந்தது. இரண்டாவது வெடிக்கவில்லை. ஆனால் உறுமல் பாதிதான் குறைந்தது. டிரான்ஸ்பார்மரை இங்கிட்டும் அங்கிட்டும் நகர்த்தி, குறுக்கே திருப்பி வைத்தபோது இன்னும் கொஞ்சம் அடங்கியது. கடைசியில், ஆளுக்கொரு திசையில் போய்க்கொண்டிருந்த எர்த்துக் கம்பிகளையெல்லாம் இழுத்து ஒரே திருகாணியில் முடுக்கினான். அவ்வளவுதான், உறுமல் செத்துப்போனது. பெட்டிக்குள் ஒரு வால்வு மட்டும் கத்திரிப்பூ நிறத்தில் ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்ததாம். அவன் அதைச் சாமி விளக்கைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தானாம்.

இதெல்லாம் பிறகு அவன் சொல்லித் தெரிந்ததுதான். திங்கட்கிழமையே ஆபீசுக்கு வந்து, நான் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், அதை எங்கள் பெட்டியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். குழுவின் இரண்டாவது கூட்டமோ வியாழக்கிழமை. எனவே ரிக்கார்டுப்படி இரைச்சல் வியாழன்வரை உயிரோடு இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நாற்பத்திரண்டாவது அறிவிப்பை வாசிக்க உட்கார்ந்தேன். தலைவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒலிபெருக்கிக் குழாய் ஒரு பர்லாங்கு தள்ளி, ஊரணிக்கரைப் புளியமரத்தில், கீழத்தெருவைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. உறுமலை ஆபீசில் உட்கார்ந்து கேட்கத் தலைவரால் முடியாது என்பதால் செய்த ஏற்பாடு அது. ஆபீசில் இருக்கும் பெட்டி லேசாக உறுமினால் கரண்டு இருக்கிறது, உறுமாவிட்டால் இல்லை. அன்று பெட்டி உறுமவில்லை.

"கரண்டு இல்லபோலயே" என்றார் தலைவர்.

"இல்லாட்டியும் சட்டப்படி வாசிச்சுப்புடணும்ங்க" என்று சொல்லி வாசித்தேன். "கீழத்தெருவிலிருந்து ஊரணிக்குச் செல்லும் பாதை உபயோகமற்றது என்று கண்டறியப்பட்டபடியால், மேற்படி பாதையை அடைத்து, திரு. அய்யாக்கண்ணு அவர்களின் தென்னந்தோப்போடு சேர்க்க..."

"சுருக்கா முடிச்சிரும்யா. கரண்டு இருந்தா மட்டும் எவளுக்குக் கேக்கப் போகுது? அந்த உர்ருதான்யா நம்ம வக்கீலு. அது மட்டும் இல்லேன்னா மனை விசயம் தெரிஞ்சு அம்புட்டுப் பேரும் மனுவோட வந்து நின்னுருப்பாளுக. மச்சானுக்கு நாமம்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். தலைவர் சிரிக்கும்போது சிரிப்பது கிளார்க்கின் கடமைகளில் ஒன்று. பிறகு "நன்றி" என்று வாசித்து முடித்தேன்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நாகராசு வாசலில் ஓடிவந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"சார்! எப்பிடி சார் இருந்துச்சு? பதினெட்டுப் பம்புசெட்டும் ஓடுது, ஒரு இரைச்சல் கெடையாது! நீங்க காயிதம் பொரட்டுனது கேட்டுச்சு. மூச்சு விட்டது கேட்டுச்சு. தலைவரு சிரிச்சது புளியமரத்துல அப்பிடியே தேன் மாதிரி விழுந்துச்சு சார்!"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். அதன் இடுக்கு வழியே கத்திரிப்பூ நிற வெளிச்சம் தெரிந்தது.

அதற்குள் ஆபீஸ் படியில் 'ணங், ணங்' என்று குடங்கள் இறங்கும் சத்தம் கேட்டது. முப்பது நாற்பது இருக்கும். முன்னால் நின்றவள் மூக்காயி. புருஷன் இறந்தவள். மழையில் வீட்டுச் சுவர் விழுந்த பிறகு, இரண்டு பெண்பிள்ளைகளோடு அக்காவின் ஆட்டுக்கொட்டகையில் இரண்டு மழைக்காலத்தைக் கழித்தவள்.

"மனை குடுத்தீகளாமே. எப்பங்க குடுத்தீக?" என்று கேட்டாள்.

"அது... ரேடியோவுல ஒரு நாடகம் போட்டாக ஆத்தா" என்றார் தலைவர்.

"நாடகத்துல ஒங்க மச்சான் பேரு எப்பிடிங்க வந்துச்சு?"

தலைவர் பின்வாசல் வழியாக "அவசர அலுவலாக"ப் புறப்பட்டுப் போனார். நான் மட்டும் உட்கார்ந்து மறுப்புகளை வாங்கிக்கொண்டேன். பிறகு வந்து சேர்ந்தவர்களோடு அறுபத்துமூன்று பெருவிரல் ரேகைகள். ஐந்து வருஷமாகத் திறக்காத மைப்பெட்டி காய்ந்து கிடந்ததால் தண்ணீர் ஊற்றிக் குழைக்க வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை குழு கூடியது. இரைச்சலை உடனடியாகத் திரும்பக் கொண்டுவருவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

"அதக் கழட்டிரு. நாளைக்கு என் பேச்சுக்கு மட்டும் மாட்டிக்க. முடிஞ்சதும் பழையபடி உறுமட்டும்" என்றார் தலைவர்.

நாகராசு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அது முடியாதுங்க."

"ஒன் கொட்டகை பஞ்சாயத்து எடத்துல நிக்கிறது ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க." அவன் நிமிர்ந்து பார்த்தான். "வேணும்னா கொட்டகையப் பிரிச்சுக்கிறேன். ஆனா நல்லா இருக்கிற பெட்டிய நானே கெடுக்க மாட்டேன். வேணாம்னா சொல்லுங்க, செட்டோட தூக்கிட்டுப் போயிர்றேன்."

தூக்கிப் போனால் பதினான்கு பக்கம் என்ன ஆவது? தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியை விட்டுவைத்தார். கொட்டகையைப் பிரிக்கும் உத்தரவை மட்டும் என்னிடம் சொல்லி எழுதவைத்தார்.

வெள்ளிக்கிழமை தலைவரின் வரவேற்புரை ஓர் எழுத்துகூடச் சிதறாமல் ஊர் முழுக்கக் கேட்டது. கேட்டதனாலேயே யாரும் கைதட்டவில்லை. அதிகாரி எழுந்து, வழக்கம்போல, "யாருக்காவது குறை இருக்கிறதா?" என்றார். மூக்காயி மேடைக்கு வந்தாள். அவளுக்குச் சன்னமான குரல். சந்தையில் கீரை விற்கும்போதுகூட இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கும். அன்று ஒரு தரம்தான் சொன்னாள்.

அதிகாரி ஃபைல்களைக் கேட்டார். அங்கேயே நின்று நாற்பத்திரண்டையும், கூடவே இருந்த கொட்டகை உத்தரவையும் புரட்டினார். பாதையை அடைக்கக் கூடாது, மனையை ரத்துசெய்து மறுபடி மனு வாங்க வேண்டும், ரேடியோக் கொட்டகை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதினார். கடைசியாக, பழைய அறிவிப்புகள் நாற்பத்தொன்றையும் இதே பெட்டியில் கிளார்க் மறுபடி வாசிக்க வேண்டும் என்றும் எழுதினார்.

அப்படித்தான் நான் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மனை அறிவிப்பிலிருந்து ஆரம்பித்தேன். வாசித்து முடித்து நிமிர்ந்தபோது மூக்காயி எதிரே நின்றாள். மனுவில் ரேகை வைத்துக் கொடுத்தாள். வாங்கி முத்திரை குத்தினேன். ஊருக்குச் செய்த பெரிய சேவை என்று எனக்கே தோன்றியதால், கொஞ்சம் பெருந்தன்மையோடு சொன்னேன்:

"ஒங்க மேல தப்பில்லம்மா. எல்லாம் அந்தக் கரண்டு பண்ணுன வேல. இரைச்சல்ல ஒங்களுக்கு ஒண்ணும் கேக்கல."

அவள் போகாமல் நின்று, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போல என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"எங்களுக்குக் கேக்கல, சரிங்க. அஞ்சு வருசமா வாசிச்சீகளே, ஒங்களுக்குமா கேக்கல?"