கடலில் அடுப்படி கிடையாது

மனைவியிடம் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லி முடிக்க வேண்டுமென்றால் அவளை நடுக்கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் ஒரே வழி என்று பூட்டுக் கம்பெனிப் பரிசோதகர் முடிவுக்கு வந்தபோது, அவருக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் படும். வீட்டில் அவர் "இங்க பாரு, ஒரு முக்கியமான விஷயம்" என்று தொண்டையைச் செருமினால் போதும், அடுப்பில் ஏதாவது பொங்கும். அவள் எழுந்து போவாள். பின்னாலேயே போனால் மிக்ஸி ஓடும். மிக்ஸி நின்றால் தையல் மெஷின் ஓடும். அதுவும் நின்றால் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். கடலில் அடுப்படி கிடையாது. மிக்ஸி கிடையாது. எழுந்து போனால் தண்ணீர்.

சொல்ல வேண்டிய விஷயம் இதுதான்: ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டுவிட்டு அவர் வீட்டோடு இருக்கப் போகிறார். கம்பெனியில் விருப்ப ஓய்வு அறிவித்திருந்தார்கள். இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருந்தது. இருந்தாலும் மேனேஜரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியாயிற்று. கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. திங்கட்கிழமை கடைசித் தேதி. நான்கு நாள் தீவுப் பயணம் முடிந்து திரும்பியதும் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

பாவம், பகலெல்லாம் அவள் தனியாக இருக்கிறாள் என்பது அவர் கவலை. முன்னறையில் மெஷின் போட்டு ஊராருக்குத் துணி தைத்துக்கொடுக்கிறாள். காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை பெண்கள் வருவார்கள், அளவு கொடுப்பார்கள், சிரிப்பார்கள், போவார்கள். இதற்குப் பெயர் தனிமை என்று அவர் நினைத்திருந்தார். அந்தத் தனிமையைப் போக்கப் பதினெட்டு அம்சத் திட்டம் ஒன்றும் எழுதி வைத்திருந்தார். முதல் அம்சம், சமையலறை டப்பாக்களை அகரவரிசையில் அடுக்குவது. ஏழாவது, அவள் தைக்கும் துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் விழுகிறது என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவது. பதினொன்றாவது, துணி வாங்க வருகிறவர்களை வாசலில் நிறுத்திக் குறை கேட்பது.

கம்பெனியில் அவரைச் சோதனை சார் என்பார்கள். ஒரு நாளைக்கு நானூறு பூட்டு. ஒவ்வொன்றையும் மூன்று தரம் திறந்து, மூன்று தரம் பூட்டி, கடைசியாக ஒரு இழுப்பு. வீட்டில் சார் எல்லாம் கிடையாது. வெறும் சோதனைதான்.

போன வருஷம் கணுக்கால் சுளுக்கிப் பத்து நாள் வீட்டில் இருந்தார். ஃப்ரிட்ஜ் கதவு ஒரு நாளைக்கு எத்தனை தரம் திறக்கப்படுகிறது என்று கணக்கெடுத்தார். அந்தப் பத்து நாளும் அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வேறு வார்த்தையும் பேசவில்லை என்பது அவர் கவனத்துக்கு வரவில்லை.

தீவுக்கு வந்த இரண்டாம் நாள் சாயங்காலம், விடுதி அறையில் விஷயத்தை மெல்ல ஆரம்பித்தார்.

"நாளைக்குக் காலையில படகுல மீன் பிடிக்கப் போறோம்."

"யாரு?"

"நாமதான். அரை நாள். ஆறரைக்குக் கிளம்பினா பன்னிரண்டரைக்குத் திரும்பிடலாம்."

"உங்களுக்கு மீன் பிடிக்கத் தெரியுமா?"

"பிடிச்சாத் தெரிஞ்சிட்டுப் போகுது."

"நீங்க போயிட்டு வாங்க. நான் கரையில உட்கார்ந்து வேடிக்கை பார்க்கறேன்."

"அதெல்லாம் முடியாது. உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"இங்கயே பேசுங்களேன். இங்க யாரு இருக்கா?"

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அடுப்படி இல்லைதான். ஆனால் குளியலறை இருந்தது. உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள் என்றால் ஒரு மணி நேரம்.

"கடல்லதான் பேசணும்."

"அப்படி என்னங்க விஷயம், தண்ணி நடுவுல வச்சுப் பேசற மாதிரி?"

"சஸ்பென்ஸ்."

அவர் குளித்துவிட்டு வந்தபோது அவள், நாளைக்குத் துணி எடுத்து வைக்கிறேன் என்று பெட்டியின்மேல் குனிந்திருந்தாள். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். கடிதமும் திட்டமும் பெட்டியின் உள்பையில், அவரே சோதித்துத் தேர்ந்தெடுத்த குட்டிப் பூட்டுக்குள் பத்திரமாக இருந்தன. அதனால் அவர் கவலைப்படவில்லை. தலையிலிருந்த கொண்டை ஊசியை அவள் ஏன் கையில் வைத்திருக்கிறாள் என்றும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். படகுத்துறையில் படகோட்டி காத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். நரைத்த தாடி, வெளுத்த தொப்பி, பேசுவதற்கு முன்னால் தலையைச் சொறிகிற பழக்கம்.

"லைஃப் ஜாக்கெட் இருக்கா?" என்றார் பரிசோதகர்.

"பன்னிரண்டு இருக்கு சார். நாம மூணு பேர்தானே."

"எல்லாத்தையும் எடுங்க."

பன்னிரண்டையும் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றிலும் கொக்கியை மூன்று தரம் மாட்டி, மூன்று தரம் கழற்றி, ஒரு இழுப்பு. அவர் நான்காவதைத் தொடும்போது அவளும் படகோட்டியும் துறையின் மறுகோடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவதில் படகோட்டி விரல் விட்டு எண்ணி ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது முடிந்து நிமிர்ந்தபோது அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, எனக்குத் தலை சுத்துது."

"இன்னும் படகுல ஏறவே இல்லையே!"

"அதைத்தாங்க சொல்றேன். ஏறாமலே இப்படின்னா, ஏறினா எப்படி இருக்கும்?"

கொடுத்த பணம் வீணாகுமே என்று அவர் மட்டும் ஏறிக்கொண்டார். படகு கிளம்பிவிட்டது.

"பத்திரமாப் போயிட்டு வாங்க!" கரையிலிருந்து கையாட்டினாள். "அவர்கிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன்!"

தலைசுற்றலில் இருக்கிற பெண் இவ்வளவு உற்சாகமாகக் கையாட்டுவாளா என்று அவருக்குத் தோன்றவில்லை. போட்ட திட்டமெல்லாம் பாழாய்ப் போனதே என்ற எரிச்சலில் இருந்தார்.

கரை கண்ணுக்குச் சின்னதாகத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டார்கள். பரிசோதகர் தூண்டில் முட்களைச் சோதித்து, இரண்டு மழுங்கல் என்று திருப்பிக் கொடுத்தார். ஈயக்குண்டைக் கையில் தூக்கி எடை பார்த்தார். இரை செத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று விசாரித்தார். படகோட்டி பொறுமையாகப் பதில் சொன்னார். தூண்டில் நரம்பை இறக்கி, அது கடலின் அடி மண்ணைத் தொட்டதும், ஓர் அடி தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"நானும் ஆபீஸ்ல இருந்தவன்தான் சார்."

"அப்படியா? எந்த ஆபீஸ்?"

"ஆபீஸ்னா... பெரிய ஆபீஸ் சார். முத்திரை குத்தற வேலை."

"அப்புறம் ஏன் இங்க வந்தீங்க?"

படகோட்டி வானத்தைப் பார்த்தார். ஒரு விரலை மடக்கினார். "அம்பத்திரண்டு வயசுல வேலையை விட்டுட்டேன் சார். விருப்ப ஓய்வு."

பரிசோதகரின் கையிலிருந்து நரம்பு இரண்டடி நழுவியது. "அம்பத்திரண்டுலயா?"

"ஆமா சார். வீட்டோட இருக்கலாம்னு ஆசை. மொத வாரம் ராஜா மாதிரி இருந்தேன். உட்கார்ந்த இடத்துக்குக் காபி வந்தது. மூணாவது வாரம்... இல்ல இருங்க, ரெண்டாவது வாரம், காபி ஆறிப்போய் வந்தது. மூணாவது வாரம், 'ஃப்ளாஸ்க்ல இருக்கு, ஊத்திக்கோங்க'ன்னாங்க. நாலாவது வாரம் ஃப்ளாஸ்க்கையே காணோம்."

தடுமாறித் தடுமாறிப் பேசினார். பட்ட மனுஷன், சொல்லும்போது தொண்டை அடைக்கத்தானே செய்யும் என்று பரிசோதகர் இரக்கப்பட்டார்.

"அவங்களை ஏதாவது சொல்லிட்டீங்களா?"

"ஒண்ணுமே சொல்லலை சார். சமையலறை டப்பாவையெல்லாம் அகரவரிசையில அடுக்கி வச்சேன். அவ்வளவுதான்."

பரிசோதகர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கடல் அன்றைக்கு அமைதியாகத்தான் இருந்தது.

"அதுல என்ன தப்பு இருக்கு?"

"அதான் எனக்கும் புரியலை. ரெண்டாவது மாசம், வீட்டுக்கு யாராவது வந்தா என்னை உள்ரூம்ல இருக்கச் சொன்னாங்க. மூணாவது மாசம் மொட்டை மாடியில. நாலாவது மாசம் ஒரு நாள் ரொம்ப அன்பா, 'உங்களுக்கு மீன் பிடிக்க ஆசைதானே?'ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லித் தொலைச்சேன். மறுவாரமே இந்தப் படகை வாங்கிக் கொடுத்துட்டாங்க."

"தினமும் வரணுமா?"

"ஞாயித்துக்கிழமை கூட லீவு கிடையாது சார். ஆபீஸ்லயாவது அது இருந்தது."

அந்த நேரம் பார்த்து நரம்பு வெடுக்கென்று இழுத்தது. பரிசோதகர் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றி ஏற்றினார். வந்தது உள்ளங்கையளவு பேத்தை மீன். படகுக்குள் விழுந்ததும் உலகத்தையே மேற்பார்வை பார்க்க வந்ததுபோல் வயிற்றை உப்பென்று ஊதிக்கொண்டு கிடந்தது.

"தூக்கிப் போட்டுடுங்க சார். இதுக்கு ஊதத்தான் தெரியும்."

பரிசோதகர் மீனைத் தண்ணீரில் விட்டார். என்னவோ தன்னையே சொன்ன மாதிரி இருந்தது.

"வேலையை விட்டது தப்புன்னு எப்ப சார் தெரிஞ்சது?" படகோட்டியைப் போய் சார் என்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

படகோட்டி எல்லா விரலையும் மடக்கி முடித்திருந்தார். "ஒரு நாள் பழைய ஆபீஸ் வாசல்ல போய் நின்னேன். வாட்ச்மேன், யாரைப் பார்க்கணும்னு கேட்டான். என் பேரைச் சொல்லி, அவரைத்தான் பார்க்கணும்னேன். அப்படி யாரும் இங்க இல்லைன்னுட்டான்."

பரிசோதகருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னலோரத்தில் இருக்கும் தன் மேஜை ஞாபகம் வந்தது. இருபத்தெட்டு வருஷமாகச் சாவி பிடித்துக் காய்த்துப்போன கட்டை விரலைப் பார்த்தார். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த மேஜையில் எவனோ உட்கார்ந்து, இரண்டே தரம் திறந்து பார்த்துவிட்டுச் சரி என்று எழுதப் போகிறான். அதை நினைத்தபோது அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. கடிதத்தை எடுத்தார். பதினாறு துண்டாகக் கிழித்தார். எண்ணிப் பார்த்து இரை டப்பாவில் போட்டார்.

"படகைத் திருப்புங்க," என்றார்.

விடுதியில் சாப்பாடு தயாராக இருந்தது. அவளுக்குத் தலைசுற்றல் சுத்தமாகப் போயிருந்தது.

"ஏதோ பேசணும்னீங்களே?"

"அது ஒண்ணுமில்லை. விருப்ப ஓய்வு வாங்கலாமான்னு ஒரு யோசனை இருந்தது. வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"அடடா!" அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க? நீங்க வீட்டுல இருந்தா எனக்கு எவ்வளவு ஒத்தாசையா இருந்திருக்கும்!"

"எனக்குத் தெரியாதா? என்ன செய்யறது, கம்பெனி என்னை நம்பி இருக்கு. நீதான் மனசைத் தேத்திக்கணும்."

"தேத்திக்கறேங்க. எனக்கு என்ன, பழகினதுதானே. உங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. பதினெட்டு அம்சமும் வீணாப் போச்சே."

அம்சம் பதினெட்டு என்று இவளிடம் எப்போது சொன்னோம் என்று ஒரு கணம் நெருடியது. ஆனால் நல்ல பசி.

"எதுக்கும் மேனேஜருக்கு இப்பவே ஒரு போன் போட்டுடுங்க," என்று போனை எடுத்து அவளே நீட்டினாள். "எனக்காகப் பார்த்து மறுபடி மனசு மாறிடப் போறீங்க."

போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"அவசரப்பட்டு முடிவெடுக்காதீங்க சார்," என்றார் மேனேஜர். குரல் உடைந்திருந்தது. "பிரிவு உபசாரத்துக்கு இங்க எல்லாரும் எவ்வளவு ஆசையா ஏற்பாடு பண்ணிட்டிருக்காங்க தெரியுமா?"

"என்மேல இவ்வளவு பிரியமா இருக்கறவங்களை விட்டுட்டு எப்படி சார் போவேன்?" என்று சொல்லிப் போனை வைத்தார். பக்கத்தில் அவள் அவருடைய தட்டில் இன்னும் ஒரு கரண்டி பரிமாறிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். துக்கத்தை மறைக்கிறாள் என்று நினைத்தார்.

சாயங்காலம் அவளைத் தூங்கவிட்டுத் தனியாகப் படகுத்துறைக்குப் போனார். அந்த மனுஷனை நினைத்து மனசு கேட்கவில்லை. தன்னைக் காப்பாற்றிய ஆளுக்குக் கைம்மாறாக ஏதாவது செய்ய வேண்டாமா? படகோட்டி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பரிசோதகர் முடிச்சை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, அவர் தோளில் கை வைத்தார்.

"கவலையே படாதீங்க. நாளைக்குக் காலையில நானே உங்க வீட்டுக்கு வரேன். அவங்ககிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்றேன். வாரத்துல ஒரு நாளாவது உங்களை வீட்டுல இருக்கவிடணும். பொம்பளைங்க மனசு எனக்கு நல்லாத் தெரியும்."

படகோட்டி தலையைச் சொறிந்தார்.

"யாருகிட்ட சார் பேசுவீங்க?"

"உங்க மனைவிகிட்டத்தான்!"

"அப்போ உங்க வீட்டம்மாகிட்டயே சொல்லுங்க சார். கதை சொல்லிக் கொடுத்த மாதிரியே ஒரு பொண்ணும் பார்த்துக் கொடுக்கட்டும். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை."