நாலு நாளைக்கு உங்கள் குறட்டை வேண்டும்

அன்புள்ள கொழுந்தனாருக்கு அண்ணி எழுதுவது. இங்கே உங்கள் அண்ணன் பாதி நலம், நான் மீதி நலம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் முழு நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் வீடே கேட்டுச் சிரிக்கும் என்றுதான் எழுத்துக்கூட்டி எழுதுகிறேன்.

விஷயம் இதுதான் தம்பி. நீங்கள் நாலு நாள் இங்கே வந்து தூங்க வேண்டும்.

பக்கவாதம் உங்கள் அண்ணனுடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோனது உங்களுக்குத் தெரியும். குறட்டையையாவது விட்டுவைத்ததே என்றிருந்தேன். ஆஸ்பத்திரியில் அவர் விரலில் கிளிப்பை மாட்டித் தூங்கவைத்துப் பார்த்த நர்சம்மா, "இது வெறும் குறட்டை இல்லம்மா. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. அடிபட்ட மூளைக்குக் காத்து பத்தல. இப்பவே மெஷின் வச்சா நல்லா தேறி வர வாய்ப்பு இருக்கு" என்றாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தாங்க, நடுவுல நிறுத்தி நிறுத்தித்தான் விடுவார்" என்றேன். "நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" "அப்பாடான்னு தூங்கிடுவேன்." நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்போது கட்டில் பக்கத்தில் ஒரு பெட்டி. அதிலிருந்து குழாய், குழாய் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். முதலில் தினமும் குஸ்திதான். நான் மாட்டுவேன், அவர் இடது கையால் பிடுங்குவார், பேச்சு வராததால் கண்ணாலேயே திட்டுவார். "மொதல்ல மாட்டிக்குங்க, பேச்சு வந்ததும் வாயாலயே திட்டலாம்" என்று கெஞ்சிக் கெஞ்சிப் பழக்கினேன். பழகியதும் வீடு ஊமையாகிவிட்டது. ராத்திரியெல்லாம் சுவரை இடித்துக் கத்துவாரே பக்கத்து வீட்டு டெய்லர், அவர் ஒரு காலையில் கழுத்தில் டேப்போடு, கண் கலங்கி வாசலில் நிற்கிறார். "எப்ப ஆச்சு அக்கா? தங்கமான மனுஷன்" என்கிறார். உள்ளே தங்கமான மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். டெய்லர் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு நாளா சத்தத்தையே காணோமேன்னு..." என்று இழுத்தார். போகும்போது, "அது இல்லாம எனக்கும் தூக்கம் வரல அக்கா" என்றார்.

எனக்கு மட்டும் வருமா தம்பி? அவர் பேச்சு வர நாளாகுமாம். அதுவரை இந்த வீட்டில் அவர் குரல் என்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் நானே என் கையால் பட்டை போட்டுக் கட்டுகிறேன். உங்களுடையதும் அச்சு அசல் அதே குறட்டை. போன தடவை நீங்கள் ஹாலில் படுத்திருந்தபோது, அவர் என்று நினைத்து அடுப்படியிலிருந்தே "திரும்பிப் படுங்க"ன்னு கத்தினேன், நீங்களும் மரியாதையாகத் திரும்பிப் படுத்தீர்கள். அவரோ அப்போது நம் பஞ்சர் கடையில் இருந்தார். அதனால் வாருங்கள். பாய் விரித்துவைக்கிறேன். ஒரு வேலையும் செய்ய வேண்டாம், தூங்கினால் போதும். தங்கச்சி தடுக்க மாட்டாள், அவளுக்கும் நாலு நாள் நிம்மதி.

பிள்ளைகளுக்கு என் முத்தம். உங்கள் அண்ணன் எல்லோருக்கும் இடது கையால் ஆசி சொல்கிறார், தப்பாக நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனபோது உங்கள் அண்ணன் சாப்பிட்ட கையோடு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார், மாஸ்க் இல்லாமல். ஆரம்பித்தார் தம்பி. அதே இழுவை. பசையும் கையுமாக நின்று கேட்டேன், எழுப்ப மனசே வரவில்லை. அப்புறம் அது நின்றது. இவ்வளவு வருஷத்தில் இன்றைக்குத்தான் அது நிற்பதை முழிச்சிருந்து கேட்டேன். ஓடிப்போய் மாட்டினேன். கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார், பிடுங்கவில்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். இங்கே வரவேண்டாம். நீங்களும் நடுவில் நிறுத்துகிறவர்தான், நாளைக்கே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக் காட்டுங்கள். மாஸ்க் கொடுத்தால் முரண்டு பிடிக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் தங்கச்சிக்குத் தூக்கம் வராது. எனக்குப் போன் போடச் சொல்லுங்கள், முழிச்சுத்தான் இருப்பேன்.