கழுவிப் பார்த்த சீனி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது தூக்கிவாரிப் போடுகிற மாதிரி ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால், முழுக்கக் கேட்க மாட்டேன். பாதியிலேயே எழுந்து அதை வேறு யாரிடமாவது சொல்ல ஓடிவிடுவேன். (உண்மை எப்போதும் மீதிப் பாதியில்தான் இருக்கிறது என்பதை நாற்பது வயதுக்கு மேல்தான் கண்டுபிடித்தேன்.) இதனால் பல இடங்களில் அசடு வழிந்திருக்கிறேன். ஆனால் என் அக்கா உமாவின் நிச்சயதார்த்தத்தில் நடந்ததுபோல வேறெங்கும் நடந்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். டெல்லியில் கோல் மார்க்கெட் பக்கம் இரண்டு அறை குவார்ட்டர்ஸில் இருந்தோம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பரம்பரையாகச் சைவம். முட்டை போட்ட கேக் வீட்டுக்குள் வந்துவிட்டால் அம்மா அலமாரியையே கழுவிவிடுவாள். எனக்கு இருபத்து நாலு வயது. சாணக்யபுரியில் ஒரு வெளிநாட்டுக் கலாசார மையத்து நூலகத்தில் உதவியாளர் வேலை. அந்த வேலையில் சேர்ந்து ஆறு மாதத்தில், உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் பாக்கி இல்லை என்ற எண்ணம் வந்திருந்தது.

அங்கே மார்த்தா என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஆராய்ச்சிக்காக வந்திருந்தார். அவர் பால், தயிர், நெய், தேன் எதையும் தொடமாட்டார். “வீகன்” என்றார். அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. ஒரு நாள் அவருக்குக் கறுப்புக் காபி கலந்து, அன்போடு இரண்டு ஸ்பூன் சர்க்கரையையும் போடப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார்.

“வேண்டாம். எங்கள் ஊரில் சில ஆலைகளில், கரும்புச் சர்க்கரையாக இருந்தால், வெளுப்பாக்குவதற்கு மாட்டு எலும்பைச் சுட்ட கரியில் வடிகட்டுவார்கள். அதனால் விசாரிக்காமல் நான்...”

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. ‘எங்கள் ஊரில்’, ‘சில ஆலைகளில்’, ‘கரும்பாக இருந்தால்’ என்று அந்த அம்மாள் மூன்று நிபந்தனைகளைப் பொறுப்பாகப் போட்டிருந்தார். மூன்றையும் விட்டுவிட்டு எலும்பை மட்டும் தூக்கிக்கொண்டு நான் பஸ் ஏறினேன். பஸ்ஸில் நின்றபடியே பிறந்ததிலிருந்து குடித்த காபிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வீட்டில் அம்மா நிச்சயதார்த்தத்துக்காக முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அவர்களும் நம் பக்கத்து ஆட்கள்தான், தென்காசி. பல வருடங்களாக மீரட் பக்கம் குடியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சங்கரலிங்கம் கெமிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அம்மா சொல்லியிருந்தாள். டெல்லியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் மருந்துக்கடை போர்டில் ‘கெமிஸ்ட்’ என்று எழுதியிருக்கும். அதனால் மீரட்டில் நல்ல மருந்துக்கடை வைத்திருந்தார் போல என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. (கேட்பதெல்லாம் தெரியாதவர்கள் செய்கிற வேலை.)

செருப்பைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்று சொன்னேன். அம்மாவின் கையிலிருந்த முந்திரி கீழே விழுந்தது.

“என்னல சொல்லுத? மாட்டு எலும்பா? சீனியிலயா?”

“ஆமாம்மா. ஆராய்ச்சி பண்ற அம்மா சொன்னாங்க.”

“முருகா! கார்த்திகை விரதத்துக்குக்கூட அதைத்தானல பால்ல போட்டுக் குடிச்சேன்!” என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளறையிலிருந்து உமா வந்து எட்டிப் பார்த்தாள். அப்பா பேப்பரை மடித்துவைத்து, “ஏலே, ஒழுங்கா விசாரிச்சியா?” என்றார். விசாரித்தாயா என்று கேட்டதே எனக்கு அவமானமாக இருந்தது. சீனி டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய், வேப்பமரத்தடியில் அவ்வளவையும் கொட்டினேன். பக்கத்து வீட்டு ஷர்மா ஆன்ட்டி பால்கனியிலிருந்து, “அரே பேட்டா, சீனி க்யோன் ஃபேங்க் ரஹே ஹோ? பாகல் ஹோ கயே க்யா?” என்று கத்தினார். சீனியை ஏன் கொட்டுகிறாய், பைத்தியமா பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அவருக்கும் விஷயத்தை விளக்கினேன். ராம் ராம் என்று காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிப்போனார்.

கொஞ்ச நேரத்தில் அம்மா தெளிந்து எழுந்தாள். “சரி, விடு. ஊர்லேருந்து வந்த கருப்பட்டி இருக்கு. அதைப் போட்டே ஒரு இனிப்பு பண்ணிருதேன். காப்பிக்கும் அதுவே போதும்” என்றாள்.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் கருப்பட்டிக் காப்பியா? டெல்லியில இருந்துக்கிட்டு? மானம் போயிரும்மா. வெளிநாட்டுல படிச்சவங்க எல்லாம் பிரவுன் சுகர்தான் சாப்பிடுறாங்க. வெளுப்பாக்கலைன்னுதானே அது பழுப்பா இருக்கு? நான் வாங்கிட்டு வாரேன்.”

தூதரகத்துக்காரர்கள் சாமான் வாங்கும் கடை ஒன்றுக்குப் போய், கண்ணைப் பறிக்கும் வெளிநாட்டுப் பாக்கெட்டுகளாக ஆறு வாங்கிவந்தேன். உள்ளே ஈர மணல் மாதிரி பழுப்பாக இருந்தது. அம்மா ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, “என்னமோ மருந்து வாசம் அடிக்கே” என்றாள். “அதாம்மா சுத்தம்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, இரு வீட்டாரும் தெரிந்தவர்களுமாக இருபத்தைந்து பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தட்டு மாற்ற இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. முதலில் கேசரியும் காபியும் கொடுத்தோம். அந்தக் கேசரியின் நிறத்தை எப்படிச் சொல்ல? மழைக்காலத்தில் யமுனையில் போகும் தண்ணீர் அந்த நிறத்தில் இருக்கும். ஆனாலும் எல்லாரும் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா பாதித் தட்டை முடித்துவிட்டு, என் அம்மாவைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

“கேசரி கறுத்திருக்கே... அடிப்பிடிச்சுட்டுதோ?”

அம்மா முகம் சுண்டிப்போனது. அம்மாவின் சமையலை ஒருவர் குறை சொல்லி நான் பார்த்துக்கொண்டிருப்பதா? கூடத்தின் நடுவில் போய் நின்றேன்.

“அடிப்பிடிக்கலை அத்தே. நாங்க வெள்ளைச் சீனியே தொடுறதில்லை. உங்க எல்லாருக்கும் தெரியாது, அதை மாட்டு எலும்புலதான் வடிகட்டுறாங்க.”

வாய்க்குப் போன கைகள் அந்தரத்தில் நின்றன. ஒரு மாமா விழுங்கலாமா கூடாதா என்று தெரியாமல் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். மாப்பிள்ளையின் சித்தி, “இன்னிக்குக் காலம்பறகூட அபிஷேகத்துக்குப் பஞ்சாமிர்தம் பண்ணிக் குடுத்தேனே! சீனி போட்டுல்லா பண்ணினேன்!” என்று நெஞ்சில் கைவைத்தார். அத்தனை பேரும் அதிர்ந்ததைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா பின்னாலிருந்து, “ஏலே, வந்து உக்காரு” என்று பல்லைக் கடித்தார்.

சங்கரலிங்கம் மாமா மட்டும் அசையவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“தம்பி, நான் என்ன வேலை பார்த்தேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் மாமா. கெமிஸ்ட்.”

“எதுல?”

“மெடிக்கல் ஷாப்புல...?”

மாப்பிள்ளை சட்டென்று கர்ச்சீப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

“சீனி மில்லுல” என்றார் மாமா. “சீஃப் கெமிஸ்ட்.”

என் காதுக்குள் ஙொய் என்று ஒரு சத்தம் கேட்டது.

“நம்ம மில்லுல கரும்புச் சாத்துல சுண்ணாம்புப் பால் விடுவோம். கந்தகத்தை எரிச்சு அந்தப் புகையை உள்ள ஏத்துவோம். அழுக்கெல்லாம் அடியில படிஞ்சிரும். தெளிவை எடுத்துக் காய்ச்சுவோம். அவ்வளவுதான். முப்பது வருசத்துக்கு மேல அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். எலும்பை நான் பார்த்தது என் முழங்கால் எக்ஸ்ரேயில மட்டும்தான்.” குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “சரி, இந்தக் கேசரியில என்ன போட்டிருக்கீய?”

பிழைத்தேன் என்று நினைத்தேன். ஓடிப்போய்ப் பாக்கெட்டைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாம் வாசித்தார். பிறகு, “ஒரு டீ வடிகட்டி, ஒரு டம்ளர் பச்சைத் தண்ணி கொண்டாங்க” என்றார்.

வடிகட்டியில் இரண்டு ஸ்பூன் பிரவுன் சுகரைப் போட்டு, மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். கீழே பழுப்புத் தண்ணீர் வடிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டார். இருபத்தைந்து தலைகளும் அந்த வடிகட்டியை நோக்கிக் குனிந்தன. உள்ளே மிஞ்சியிருந்தது வெள்ளை. நான் மரத்தடியில் கொட்டிய சீனி மாதிரியே வெள்ளை வெளேரென்று.

“வெள்ளைச் சீனிதான். மேல கழிவுப் பாகைப் பூசிவிட்டிருக்கான்” என்றார் மாமா.

‘கழிவு’ என்ற வார்த்தை கேட்டதும் கன்னத்தை உப்பவைத்திருந்தவர் எழுந்து வாசலுக்கு ஓடினார்.

“கழிவுன்னா அசிங்கம் இல்லவே, அதுவும் கரும்புலேருந்து வாரதுதான்” என்று அவர் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாமா என் பக்கம் திரும்பினார். “ஆனா ஒண்ணு. இந்தப் பாக்கெட் வந்த ஊர்லதான், தம்பி, சில ஆலையில நீங்க சொன்ன எலும்புக் கரி வச்சு வடிகட்டுவான்.”

மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தார். “அப்ப இந்தக் கேசரியில?”

“பீட்டுன்னு ஒரு கிழங்கு. அதுல எடுத்த சீனின்னா எலும்புக்கு வேலையே இல்லை. கரும்புன்னா சொல்ல முடியாது.”

“இது கிழங்கா, கரும்பா?”

“போடலையே.”

“முடிவாச் சொல்லுங்க!”

“பாக்கெட்ல போடலை, நான் எங்கேருந்து சொல்ல? அப்படியே இருந்தாலும் வடிகட்டுறதோட சரி. எலும்பு சீனிக்குள்ள வராது.”

“வந்தா என்ன, வராட்டா என்ன? அதுல பட்டுதா, இல்லையா?” அத்தை எழுந்து நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது. “வெள்ளிக்கிழமை வெங்காயம்கூடச் சேர்க்காத வயிறு. சம்பந்தம் பேச வந்த வீட்டுல...” அதற்குமேல் சொல்லாமல் கொல்லைக் குழாயில் வாய் கொப்பளிக்கப் போனார். மாப்பிள்ளையின் சித்தி செருப்பைத் தேட ஆரம்பித்தார். என் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு உண்மையிலேயே அப்போதுதான் உறைத்தது. உலகத்தை எலும்பிலிருந்து காப்பாற்றப் புறப்பட்டு, ஊரில் ஒழுங்காக இருந்த சீனியைக் கொட்டிவிட்டு, அத்தனை பேருக்கும் எலும்பை நானே தேடிப் பிடித்து வாங்கிவந்து ஊட்டியிருக்கிறேன். இதில் அக்கா என்ன பாவம் செய்தாள்?

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. கூப்பிடும்வரை பெண் வெளியே வரக்கூடாது என்று எங்கள் சித்திகள் காவல் வைத்திருந்த கதவு. உமா பட்டுப்புடவையோடு நேரே சமையலறைக்குப் போனாள். டொக் டொக்கென்று எதையோ தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு கையில் காபி டம்ளரும் இன்னொரு கையில் பாதி உடைத்த கருப்பட்டியுமாக வந்து, ஈர முகத்தோடு நின்ற அத்தைக்கு முன்னால் நின்றாள்.

“அத்தே, இது நம்மூர்ப் பனை. இதை வெளுப்பாக்கணும்னு யாருக்கும் தோணலை. நானே தட்டிப் போட்டேன், குடிச்சுப் பாருங்க.”

கூப்பிடாமல் பெண் வெளியே வந்ததில் எல்லாருக்கும் இன்னொரு அதிர்ச்சி. அத்தை கருப்பட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு டம்ளரை வாங்கினார். ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு.

“தம்பிக்கும் சேர்த்துப் புத்தி இவகிட்ட இருக்கு” என்றார். செருப்பை மாட்டியிருந்த சித்தி கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மாப்பிள்ளை மெதுவாக, “எனக்கும் ஒரு காப்பி” என்றார்.

தட்டு மாற்றியபோது என்னை வேப்பமரத்தடியில் நிற்க வைத்திருந்தார்கள். அங்கே எறும்புகள் எந்தச் சந்தேகமும் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் மார்த்தாவிடம் சொன்னேன். அவருக்கும் அதிர்ச்சி. “எங்கள் ஊரில் என்று சொன்னேனே! நான் பிரவுன் சுகரும் சாப்பிடுவதில்லை என்று சொல்வதற்குள் நீ எழுந்து ஓடிவிட்டாய்” என்றார். சங்கரலிங்கம் மாமாவோ விடவில்லை. பாக்கெட் கம்பெனிக்கு அவர் சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதினேன். பதில் வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. கிழங்கும் வாங்குகிறோம், கரும்பும் வாங்குகிறோம், உங்கள் பாக்கெட்டில் இருந்தது எது என்று எங்களாலும் சொல்ல இயலாது என்று மிகப் பணிவாக எழுதியிருந்தார்கள். அத்தைக்கு அதை இன்றுவரை யாரும் படித்துக் காட்டவில்லை.

ஆனால் ஒரு வார்த்தை எங்கள் இரண்டு குடும்பத்திலும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. நான் எதையாவது புதிதாகச் சொல்ல வாயெடுத்தால் போதும், “கழுவிப் பார்த்தாச்சா?” என்று கேட்டுவிடுவார்கள். செய்தியில் கேட்டேன் என்றாலும் இதே கேள்விதான். டாக்டரே சொன்னார் என்றாலும் இதேதான்.

நாலு வருடம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா என்னைப் பற்றி விசாரித்தார். எங்கள் வீட்டார் என் நல்ல குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த சங்கரலிங்கம் மாமா, எல்லாருக்கும் கேட்கும்படி, அவரைப் பார்த்து அக்கறையாகச் சொன்னார்.

“எதுக்கும் பையனை ஒரு தடவை கழுவிப் பார்த்துக்கிடுங்க.”

கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லப் பெண்ணின் அப்பா ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். அந்த ஒரு மாதமும் என்ன விசாரித்தார் என்று என் மனைவி எனக்கு இன்னும் சொல்லவில்லை.