என்னை நல்லவள் என்று அச்சிட்டதற்கு மறுப்பு

பெருமதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் ஐயா அவர்களின் மேசைக்கு,

மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பாட்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. முழங்காலைத் தவிர்த்து நான் நலம். தாங்களும், தங்கள் வீட்டாரும், அலுவலகத்தில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் அந்த ஐந்தையும் ஒழுங்காகப் படித்தவள். ஆகையால் இதில் எங்காவது எழுத்துப்பிழை தென்பட்டால் தாங்கள் கண்ணாடியை மாற்றிக்கொள்வது நல்லது.

தங்கள் இதழில் 'எங்கள் வீட்டு மாணிக்கம்' என்று ஒரு போட்டி வைத்து, வீட்டில் நல்ல குணம் படைத்த ஒருவரைப் பற்றி எழுதி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். என் மருமகள் என்னைப் பற்றி எழுதி அனுப்பி, முதல் பரிசாக ஒரு சுவர்க்கடிகாரமும் வந்து சேர்ந்தது. நான் சிரித்தபடி இருக்கும் படத்தையும் போட்டிருந்தீர்கள். பொய் சொல்வானேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருமுனைக் கடையில் இருந்த பிரதிகளை மொத்தமாக வாங்கிவந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கொடுத்தேன். முதல் தடவை கண்ணீரோடு படித்தேன், அதனால் எழுத்து சரியாகத் தெரியவில்லை. இரண்டாம் தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். அங்கேதான் வந்தது வினை. அதில் என் மருமகள் எழுதியிருப்பது என்னவென்றால், என் மாமியாருக்குக் குறை சொல்லவே தெரியாது, கோபம் என்பதே வராது, தனக்கென்று எதையும் கேட்டதில்லை.

ஐயா, நான் யார் என்று தங்களுக்குத் தெரிய நியாயமில்லை. தையல் ஆலையில் சட்டை பரிசோதிக்கும் மேசையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள் நான். குறை சொல்வதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். காலர் ஒரு நூல் கோணினாலும், பொத்தான் துளை பிசிறடித்தாலும், சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். நான் நடந்து வருவதைக் கண்டால் இயந்திரங்களின் சத்தமே மாறும். அப்படிப்பட்ட என்னைக் 'குறை சொல்லத் தெரியாதவள்' என்று ஊர் முழுக்க அச்சடித்து விற்றிருக்கிறீர்கள். ஒரு டாக்டரைப் பார்த்து ஊசி போடத் தெரியாதவர் என்று சொன்னால் அவர் சும்மா இருப்பாரா? ஆனாலும் வாழ்த்த வந்தவர்கள் முன்னால் மறுத்துப் பேசினால் பரிசைத் திரும்பக் கேட்டுவிடுவீர்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டது. கீழ்த்தளத்தில் இருக்கிற தையல்காரர் எனக்குத் தைத்துக் கொடுத்த ரவிக்கையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் விரித்தேன். அந்த மனிதன் எழுந்து நின்று கும்பிடுகிறான். "உங்களைப் பத்தி படிச்சேம்மா, கண்ணு கலங்கிடுச்சு. வேற யாராவது இருந்தா இந்நேரம் என்னைக் கிழிச்சிருப்பாங்க. நீங்க அப்படியே போட்டுக்குவீங்க, அந்த மனசு யாருக்கு வரும்?" என்றான். தம்பி (தங்கள் படத்தை முதல் பக்கத்தில் பார்த்தேன், என் மகனைவிடச் சின்னவராகத் தெரிகிறீர்கள், அதனால் தம்பி என்றே எழுதுகிறேன்), என் நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கினேன் பாருங்கள், அது இன்னும் செரிக்கவில்லை. இப்போது அந்த ரவிக்கையைத்தான் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். மருந்துக்கடைக்காரன் முழங்கால் பட்டை கேட்டால் முழங்கைப் பட்டையைக் கட்டிக்கொடுத்துவிட்டு, மாற்றித்தரக் கேட்டதும் சுவரில் வெட்டி ஒட்டியிருக்கிற என் படத்தைக் காட்டிச் சிரிக்கிறான். கிளினிக்கில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் "பாட்டிதான் பொறுமைசாலியாச்சே" என்று முன்னால் போய்விட்டார்கள். அவர்கள் எல்லாரும் போனபிறகு டாக்டரும் போய்விட்டார். மேல்மாடியில் டிரம்பெட் ஊதிப் பழகுகிறானே ஒருத்தன், அவன் முன்பெல்லாம் என் துடைப்பக்கட்டை கூரையைத் தட்டினால் நிறுத்திவிடுவான். இப்போது தட்டினால், கைதட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு பாட்டு ஊதுகிறான். எதிர்வீட்டுக்காரி வெளியூர் போகும்போது தன் கிளியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கிளிக்கு எல்லாக் கெட்ட வார்த்தையும் தெரிகிறது. இந்த வீட்டில் மனம்விட்டுப் பேசுகிற உரிமை இப்போது அதற்கு மட்டும்தான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இப்போது என் அறைக்கே வந்துவிட்டார்கள். என் அறை சின்னதுதான். கட்டில் போட்டால் நாற்காலிக்கு இடமில்லை. ஆனால் அதன் ஜன்னல் நேராகப் பஸ் நிறுத்தத்தைப் பார்க்கிறது. யார் எந்தப் பஸ்ஸில் ஏறுகிறார்கள், யாரோடு ஏறியவர்கள் யாரோடு இறங்குகிறார்கள், யார் மழையில் குடையை மறந்தார்கள் எல்லாம் எனக்குத் தெரியும். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஜன்னலில் உட்கார்ந்தால்தான் எனக்கு நான் உயிரோடிருப்பதே தெரிகிறது. என் மகன் இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. இப்போது வீட்டிலிருந்தே வேலை. கம்ப்யூட்டரில் முகம் காட்டிப் பேசும்போது வெளிச்சம் நன்றாக விழ வேண்டுமாம், சத்தம் வரக்கூடாதாம். அதனால் என் அறையை ஆபீஸ் ஆக்கிவிட்டு, என் கட்டிலை ஹாலில் செருப்பு அலமாரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் போடப் போகிறார்கள். இதைச் சொல்ல என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். மகன் கையில் தங்கள் இதழ் இருந்தது.

"அம்மா, நீங்க எதுவும் சொல்லமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றான்.

"தெரியும்னா எதுக்குடா கூப்பிட்ட?"

"ஒரு மரியாதைக்குத்தான்மா."

"என் ஜன்னல் எனக்கு வேணும்டா."

அவன் பதறிப்போய் மனைவியைப் பார்த்தான். அவள் இதழை வாங்கி, வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தாள்: "தனக்கென்று எதையும் கேட்டதில்லை." வாசித்துவிட்டு, "அத்தை, ஊரே படிச்சிருக்கு. இப்போ நீங்க இப்படிக் கேட்டா, உங்களுக்குத்தானே அசிங்கம்? உங்க பேர் கெடக்கூடாதுன்னுதான் சொல்றேன்" என்றாள்.

"எழுதினது நீதானேம்மா?"

"நான் எழுதினதுதான் அத்தை. ஆனா இப்போ அது அச்சுல வந்துடுச்சே."

பேத்தி சட்டம் படிக்கிறவள். மூலையில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். "பாட்டி, எதிர்த்தரப்பு ஆதாரம் பலமா இருக்கு. படத்துல வேற சிரிச்சுத் தொலைச்சிருக்கீங்க" என்றாள். நான் எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். முதல்முதலாகப் பஸ்ஸைப் பார்க்கவில்லை, தம்பி. சும்மா உட்கார்ந்திருந்தேன். வருகிற திங்கட்கிழமை வெள்ளையடிக்க ஆள் வருகிறான்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் யோசித்தேன். நல்ல குணம், நல்ல குணம் என்கிறோமே, அதற்கு என்னதான் அர்த்தம்? என் மருமகள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நடத்தைக்கு மார்க் போடுகிறவள். வாயைத் திறக்காத பிள்ளைக்கு முழு மார்க், "ஏன் டீச்சர்?" என்று கேட்கிற பிள்ளைக்குப் பாதி. எங்கள் ஆலையிலும் மேலாளர் ஒவ்வொரு வருஷமும் ஒருத்தியை மேடையில் ஏற்றி, நற்குணம் படைத்தவள் என்று துண்டு போர்த்துவார். எப்படிப்பட்டவள் என்றால், கழிவறைக்குப் போக அனுமதி கேட்காதவள், விசிறி ஓடாவிட்டாலும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தைக்கிறவள். நாற்காலிகூட அப்படித்தானே இருக்கிறது? யார் உட்கார்ந்தாலும் ஒன்றும் சொல்லாது. அதற்குத் துண்டு போர்த்தியிருந்தால் துண்டாவது மிஞ்சியிருக்கும், வருஷா வருஷம் அதே நாற்காலிக்கே போர்த்திக்கொள்ளலாம்.

எனக்கு அந்தத் துண்டு கிடைத்ததேயில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தைத்த சட்டைகளை அடுக்கடுக்காகத் திருப்பி அனுப்பினேன். அவள் அழுதாள். "உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். "ஈரம் இருந்தா சட்டை நல்லாயிடுமா? ஊசியைப் பிடிக்கிற கையைப் பாரு, அது பாம்பா, ஊசியா?" என்றேன். சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பிரித்ததையெல்லாம் இரண்டு பேருமாகத் தைத்தோம். அவள் கையில் அந்தக் காலர் நேராக உட்கார்ந்தபோது அவள் முகம் இருந்ததே, அதை யாரும் படம் பிடிக்கவில்லை. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவைத்தது யார் தெரியுமா? அதே கோபக்காரிதான். தாழ்ப்பாள் போடும்வரை மேலாளரின் சொந்தச் சட்டையிலேயே தினமும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். கோணலைக் கோணல் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு பிரித்துத் தைக்கப் பக்கத்தில் உட்கார வேண்டும். எனக்குத் தெரிந்த குணம் அவ்வளவுதான். இரண்டில் முதலாவதை விட்டால் நாற்காலி, இரண்டாவதை விட்டால் வெறும் வாயாடி. இதைப் பற்றி என் மருமகள் ஒரு வரி எழுதியிருந்தால் நான் மறுபேச்சுப் பேசியிருக்கமாட்டேன். பேசியிருப்பேன், ஆனால் கொஞ்சமாக.

ஆகையால் தம்பி, தங்களை வேண்டிக்கொள்வது என்னவென்றால், அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவில் ஒரு மறுப்புப் போட வேண்டும். 'சென்ற இதழில் மாணிக்கம் என்று குறிப்பிடப்பட்ட பாட்டிக்குக் கோபம் வரும். குறை சொல்ல நன்றாகத் தெரியும். அவருக்கு ஜன்னல் வேண்டும். தையல்காரர், மருந்துக்கடைக்காரர், டிரம்பெட்காரர் ஆகியோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியது' என்று தெளிவாக இருக்கட்டும். சிரிக்காத படம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். மேலும், உயிரோடிருக்கிறவர்களின் குணத்தைப் புகழ்ந்து இனிமேல் ஒரு வரிகூட அச்சடிக்கக்கூடாது என்று தங்கள் இதழில் ஒரு சட்டமே போட வேண்டும். புகழப்பட்டவர்களுக்கு அதற்குப் பிறகு வாழ இடமில்லாமல் போகிறது. சுவர்க்கடிகாரம் வேண்டுமானால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அதுவும் மெதுவாகத்தான் ஓடுகிறது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன்.

தங்கள் இதழ் மேன்மேலும் விற்கட்டும். தங்கள் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், அவர்களைப் பற்றி யாரும் நல்லவர்கள் என்று எழுதாமல் இருக்கட்டும். தங்கள் தாயார் இருந்தால் அவர்களுக்கு என் அன்பைச் சொல்லவும். அவர்கள் எந்த அறையில் படுக்கிறார்கள் என்றும் ஒரு தடவை போய்ப் பார்க்கவும்.

இப்படிக்கு,
மாணிக்கம் அல்லாத,
மூன்றாம் மாடிப் பாட்டி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் அச்சிட வேண்டாம். உறையை ஒட்டுகிற நேரத்தில் பேத்தி வந்து முழுவதையும் படித்தாள். "பாட்டி, மறுப்பு போட்டா கடைசிப் பக்கத்துல குட்டியா போடுவாங்க, யாரும் படிக்கமாட்டாங்க. அடுத்த வாரப் போட்டி என்ன தலைப்புன்னு பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன். 'எங்கள் வீட்டு நல்ல மகனும் மருமகளும்.' இத்துடன் என் கட்டுரையை இணைத்திருக்கிறேன். தாயின் ஜன்னலைத் தொடக்கூட மனம் வராத மகன் என்றும், அது போதாதென்று மகனும் மருமகளும் பால்கனியோடு கூடிய தம் பெரிய படுக்கையறையையே தாய்க்கு விட்டுக்கொடுத்து, ஹாலில் செருப்பு அலமாரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் சந்தோஷமாகப் படுத்துக்கொள்கிறார்கள் என்றும், தங்களுக்கென்று எதையும் கேட்டதில்லை என்றும் எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்தில், இருவரும் சிரிக்கிற படத்தோடு, திங்கட்கிழமைக்குள் கடைக்கு வருகிற மாதிரி போடவும். எங்கள் கட்டடத்தின் எல்லாக் கதவிலும் ஒட்டுகிற அளவுக்குப் பிரதிகள் வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நானே அனுப்பிவைக்கிறேன். என்னைப் பற்றி முன்பு போட்டது அப்படியே இருக்கட்டும், கை வைக்க வேண்டாம். குறை சொல்லத் தெரியாதவள் எழுதினால்தான் ஊர் நம்பும். கட்டுரையில் ஒரு கோணலும் இல்லை. நானே பரிசோதித்துவிட்டேன்.